ஈரலும் எட்டுத் தேத்தண்ணியும்

என் மனைவிக்கு இரத்தம் குறைவு என்று தெரிந்த நாளிலிருந்து தர்மபுரத்தில் வைத்தியர்கள் பெருத்துப்போனார்கள். பால் எடுக்க வருகிறவர் முருங்கையிலை என்றார். கோயிலில் பூக்கட்டுகிற அக்கா பொன்னாங்காணியும் எள்ளும் என்றார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு மனிதர் பீற்றூட்டைப் பற்றிப் பரந்தன் வரைக்கும் கதைத்துக்கொண்டு வந்தார். மகள் தையல் தொழிற்சாலைக்குப் போகிறவள். அவள் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் கட்டாயம் சாப்பிட வேண்டிய 'சூப்பர் ஃபூட்' என்று பத்துச் சாமான் சொன்னார். அதில் பாதி இங்கே எந்தக் கடையிலும் இல்லை, மற்றப் பாதி எங்கள் வேலியில் நிற்கிறது. வேலியில் நிற்பதைச் சொல்ல எதற்குக் கோட்டு என்று கேட்டேன். மகள் போனைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள்.

விஷயம் சிரிப்புக்குரியதல்ல. மனைவியுடைய கர்ப்பப்பையில் கட்டி. அதை வெட்டி எடுக்க வேண்டும். கிளிநொச்சி கிளினிக்கில் டொக்டர் தெளிவாகச் சொன்னார்: இரத்தம் பத்துக்கு வந்தால்தான் ஒப்பரேசனுக்குத் திகதி. அவளுக்கு இருந்தது ஏழரை. தினமும் போட இரும்புச்சத்துக் குளுசையும் தந்தார். மாதம் முழுக்கச் சேர்வதை அந்தக் கட்டி ஐந்தாறு நாளில் கொட்ட வைத்துவிடும். கிணற்றில் ஒரு வாளி அள்ளினால் நடுவில் நின்று மூச்சு வாங்குவாள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணி போல இருக்கும்.

ஒரு வேலையைத் தந்தால் அதை ஒழுங்காகச் செய்கிற ஆள் நான் என்று எனக்கு ஒரு நினைப்பு. வயலுக்குப் போகும்போது வாய்க்கால் கரையில் பொன்னாங்காணி பிடுங்கினேன். முருங்கையில் ஏறிக் கொப்பு முறித்தேன். எள்ளு, பயறு, குரக்கன், நெத்தலி, பேரீச்சம்பழம் எல்லாம் வந்தன. சனிக்கிழமைகளில் விடிய முன்னம் மோட்டார் சைக்கிளில் போய் இறைச்சிக்கடை வாசலில் நின்றேன். ஆட்டில் ஈரல் ஒன்றுதான், பிந்திப் போனால் வாலைத்தான் பார்க்கலாம். கொண்டுவந்து குசினி வாசலில் வைத்துவிட்டு, "இந்தா, இதைச் சமைச்சுச் சாப்பிடு" என்பேன். அத்தோடு என் கடமை முடிந்தது.

இரண்டாம் முறை பார்த்தபோது ஏழு புள்ளி எட்டு. அந்த மாதம் எனக்குக் கொஞ்சம் பெருமை. மூன்றாம் முறை திரும்பவும் ஏழரை. விழலுக்கு இறைத்த நீர். எனக்கு வந்த கோபத்தில், கிளினிக்கில் எல்லாரும் காத்திருக்கிற வாங்கிலேயே வைத்து, "குளுசையை நீ போடுறியா, கோழிக்குப் போடுறியா?" என்று கேட்டேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு, "போடுறன்தானே" என்றாள். அவளுக்குச் சண்டை பிடிக்கவும் இரத்தம் போதவில்லை. எனக்கும் களைத்துப்போயிற்று. அதிகாலை பஸ், நம்பர் துண்டு, வாங்கில் நகர்ந்து நகர்ந்து இருக்கிற அரை நாள், பிறகு அடுத்த மாதம் வாருங்கோ.

அன்று கிளினிக் கொப்பியைப் பார்த்த தாதி, நாங்கள் மிஸி என்று கூப்பிடுகிறவர், வயதில் சின்னவர்தான். அடுத்த ஆளைக் கூப்பிடாமல் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"அம்மா, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"தேத்தண்ணி, மிஸி."

"அதுக்குப் பிறகு?"

"பஸ்ஸுக்குப் போற அவசரம். வேற ஒண்டுமில்லை."

"சரி, வீட்டில நிக்கிற நாளையில? ஒரு நாளைக்கு எத்தினை தேத்தண்ணி குடிப்பீங்கள்?"

அவள் விரலை மடித்து எண்ணினாள். "எட்டு வரும்."

எனக்கு அது புதினமில்லை. எங்கள் இரண்டு பேருடைய தாய்மாரும் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்கள். வன்னிக்கு வந்து காடு வெட்டி வயலாக்கிய பிறகும் தேத்தண்ணிக் கேத்தில் அடுப்பை விட்டு இறங்கவில்லை.

"குளுசையையும் தேத்தண்ணியோடதான் போடுறனீங்களோ?"

"ஓம். கைப்புத் தெரியாதெல்லோ."

மிஸி தலையில் கை வைத்தார். தேத்தண்ணி குளுசையின் சத்தை உடம்பில் சேர விடாது, சாப்பாட்டின் சத்தையும் விடாது என்று விளங்கப்படுத்தினார். "சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு குடியுங்கோ அம்மா. சாப்பாட்டோட குடிக்காதேங்கோ."

அவள் மெதுவாகக் கேட்டாள், "சாப்பாட்டுக்குப் பதிலாக் குடிக்கிறதெண்டா, மிஸி?"

நான் இடையில் புகுந்தேன். "ரெண்டு மாசமா ஈரல் வாங்கிக் குடுக்கிறன். கீரை, நெத்தலி, பேரீச்சம்பழம், ஒண்டும் குறையில்லை மிஸி."

"நீங்கள் வாங்கிக் குடுக்கிறீங்கள் ஐயா. ஆர் சாப்பிடுறது?"

அவதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது போன சனிக்கிழமை மத்தியானம் கண்ணுக்கு முன்னால் வந்தது. மிளகு தூவிப் பிரட்டின ஈரல், என் சாப்பாட்டுக் கோப்பையில். நல்ல பதம் என்று சொல்லி இன்னும் ஒரு கரண்டி கேட்டதும் நான்தான். மகளுக்கும் எடுத்து வைத்திருந்தது. அதற்கு முந்திய சனிக்கிழமையும் அப்படித்தான். பேரீச்சம்பழப் பெட்டியில் நான் வயலுக்குப் போகும்போது நாலு, மகள் வேலைக்குப் போகும்போது நாலு.

அவள் முந்திக்கொண்டாள். "அவர் சாப்பிடு சாப்பிடெண்டுதான் சொல்லுவார் மிஸி. எனக்குத்தான் ஈரல் வாசம் பிடிக்காது."

அது உண்மையா, என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யா என்று எனக்குத் தெரியவில்லை. கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருஷம். அவளுக்கு ஈரல் பிடிக்குமா பிடிக்காதா என்பது எனக்குத் தெரியாது. அந்த வாங்கில் இருந்தபோது வந்த வெட்கம் இதை எழுதும்போதும் இருக்கிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் யன்னலில் தலையைச் சாய்த்து நித்திரையானாள். அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல ஈரல் வாங்கி வந்தேன். அவள் சமைத்து முடித்து, வழக்கம்போல என்னைக் கூப்பிட்டாள்.

"இண்டைக்கு நீ முதல்ல சாப்பிடு" என்றேன்.

"நீங்கள் சாப்பிடுங்கோ. நான் பிறகு சாப்பிடுறன்."

"நான்தான் போட்டுத் தரப்போறன்." குசினிக்குள் போனேன். பாத்திரம் அடுக்குகிற தட்டில் என்னுடைய பெரிய சில்வர் கோப்பை இருந்தது. பக்கத்தில் மகளுடையது, விளிம்பு நெளிந்தது. வேறு இல்லை. "உன்ர கோப்பை எங்க?"

அவள் சிரித்தாள். "எனக்கென்னத்துக்குக் கோப்பை? சட்டியில மிச்சம் இருக்கிறதுக்க சோத்தைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டிட்டுக் கழுவி வச்சிடுவன். ஒரு கழுவல் மிச்சம்."

அலுமாரியைத் திறந்து, வருகிற ஆட்களுக்கென்று வைத்திருந்த பூப்போட்ட கோப்பை ஒன்றை எடுத்தேன். அது வாற ஆக்களுக்கு என்று தடுத்தாள். கேட்காமல் சோறு போட்டேன், பொன்னாங்காணிச் சுண்டல் போட்டேன், ஈரலில் பாதிக்கு மேல் போட்டேன். கதிரையில் இருத்தினேன். முன்னால் நானும் இருந்தேன்.

அவளுக்குக் கை ஓடவில்லை. "நீங்கள் பாத்துக்கொண்டிருந்தா எனக்கு இறங்காது" என்றாள். முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சாப்பிடுகிற சத்தம் கேட்டது. ஒரு துண்டு, இன்னொரு துண்டு. ஈரல் அவளுக்குப் பிடிக்கும். திரும்பிப் பார்க்காமலே அது தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது.

சத்தம் நின்றதும் திரும்பினேன். கோப்பையின் ஓரத்தில் ஐந்தாறு ஈரல் துண்டுகளைச் சோறு படாமல் ஒதுக்கி வைத்திருந்தாள்.

"ஏன், இவ்வளவும் சாப்பிட்டது காணுமோ?"

"பிள்ளை வேலையால பசியோட வருவாள்" என்றாள்.

"பிள்ளைக்குச் சட்டியில கிடக்கு."

"அது உங்களுக்கு" என்று சொல்லிக் கோப்பையை மூடினாள்.