நீர்வேலியில் நான் வெட்டிய ஒரு மணித்தியாலம்

காலை 7.10. யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறை பஸ் ஏறினேன். நீர்வேலிக்குப் பத்துக் கிலோமீற்றர் வராது, அறுபது ரூபாய். எங்கே இறக்கம் என்று கேட்ட கண்டக்டரிடம் வாழைக்குலைச் சங்கம் என்றேன். "இப்ப அங்கை லொறி பெரிசாய் வாறேல்லை அண்ணை," என்றார். தெரியாதவன் போல வெளியே பார்த்தேன்.

தெரியாமல் என்ன? பதினான்கு வருடமாக நான் முகாமைத்துவ ஆலோசகர். அடுத்தவர் வேலையை எப்படிச் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டு வருவதே பிழைப்பு. போன வருடம் இந்தச் சங்கத்தில் இரண்டு நாள் கையில் கடிகாரத்தோடு நின்றேன். குலையிலிருந்து வெட்டிய சீப்புகளைப் பெண்கள் வாழையிலையில் கவிழ்த்துவிட்டு ஒரு மணித்தியாலம் இருந்தார்கள். "வீண் நேரம், நீக்கலாம்" என்று எழுதினேன். மேற்பார்வை பார்த்த யோகேஸ்வரி அக்கா, "வெட்டின இடத்தாலை வாழைப்பால் வடியவேணும் சேர்," என்றா. "மாற்றத்துக்கு உடன்படாதவர்" என்று அவவைப் பற்றியும் ஒரு வரி எழுதினேன். எவ்வளவு திமிர் எனக்கு.

7.45. செம்மண் ஒழுங்கையால் நடந்து கொட்டிலுக்குப் போனேன். அக்கா கழுவும் தொட்டியடியில் நின்றா. என் ஒரு வரியால் அவவின் மேற்பார்வை வேலை போய்விட்டது. பால் வடியாமல் பெட்டியில் அடுக்கிய பழமெல்லாம் கறை பிடிக்க, சங்கத்தில் பழம் எடுத்த கொழும்பு வியாபாரியும் வாங்குவதை நிறுத்திவிட்டார். சங்கத்தார் என் திட்டத்தைச் சரியாகச் செய்யவில்லை என்று அறிக்கை எழுதிவரத்தான் எங்கள் ஆலோசனைக் கம்பனி என்னை அனுப்பியிருந்தது.

"நீங்கள் சொன்னபடி நாங்கள்தான் சரியாய்ச் செய்யேல்லைப் போலை," என்றா அக்கா, கையைத் துடைத்தபடி.

எடுத்த பேனையைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டேன். "இல்லை அக்கா. பிழை என்ரை. நீங்கள் சொன்னதுதான் சரி."

அக்கா கிட்ட வந்தா. "உதைச் சங்கத்துக்கு எழுதித் தாறியளோ? நாளைக்குக் கூட்டம். என்னைத் திரும்ப மேற்பார்வைக்கு எடுப்பினம்."

எழுதினால் கம்பனியில் என் கதி என்ன என்றுதான் முதலில் யோசித்தேன். "கொழும்புக்குப் போய் அனுப்பிறன் அக்கா."

"ஓம்," என்றா. வெளிக்கிடும்போது ஒரு சீப்புக் கதலி தந்தா. அதையும் வாங்கிக்கொண்டேன்.

11.30. கொழும்பு பஸ் சாவகச்சேரியைத் தாண்டியது. மடிக்கணினி மடியில்தான் இருந்தது. ஐந்து நிமிட வேலை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து மூன்று கிழமையாகிறது. இந்தப் பயணத்தைப் பற்றி உங்களுக்கு இவ்வளவும் எழுதிவிட்டேன். அவவுக்காகச் சங்கத்துக்கு எழுதவேண்டிய நாலு வரியை இன்னும் எழுதவில்லை.