ஹட்டனிலிருந்து போன சோதனை அறிக்கை

இரண்டாயிரங்களின் நடுவில் நான் ஹட்டனில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மா கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான்.

நிலையத்துக்குக் கொழும்பிலிருந்து பழைய சேர்வர் ஒன்று வந்தது. லினக்ஸ் இயங்குதளம் போட்டோம். இரண்டு நாளுக்கு ஒரு தடவை அப்படியே உறைந்து நின்றுவிடும். பொறுப்பாளர் யாழ்ப்பாணத்துக் கணித ஆசிரியை. மலை ஈரம்தான் காரணம் என்று, மெஷினைத் தூக்கி ஓரமாக வைத்துவிடச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இயங்குதளத்தின் உட்கருவான கேர்னலிலேயே பிழை இருக்கலாம் என்று பட்டது. அதைச் சோதிப்பதற்கென்றே டெஸ்ட் மொடியூல் என்ற சின்ன நிரல்கள் உண்டு. வேண்டும்போது ஏற்றி, கேர்னலை ஓட ஓட விரட்டிப் பார்த்து, பிறகு இறக்கிவிடலாம். ஒரு கிழமை தவணை கேட்டேன்.

முதல் தடவை தவறு செய்தேன். கேர்னலைக் கட்டும் அமைப்புப் பட்டியலில் அதைத் தனி மொடியூலாகக் குறிக்காமல், கேர்னலோடு சேர்த்தே கட்டும்படி குறித்துவிட்டேன். மெஷினைப் போட்டதுமே சோதனை தொடங்கிவிட்டது, நிறுத்த வழியில்லை. மாற்றிக் கட்ட அரை நாள் போனது. அடுத்த தடவை மொடியூல் ஏறவே மறுத்தது. பழைய கேர்னலில் மெஷினைக் கிளப்பிவிட்டு, புதியதற்குக் கட்டியதை ஏற்றப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் தடவை ஏறியது. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. இறக்கிவிட்டு, ஒரே நேரத்தில் ஓடும் சோதனைகளின் எண்ணிக்கையைக் கூட்டி மறுபடி ஏற்றினேன். இருபது நிமிடத்தில் உறைந்தது. திரும்பச் செய்தேன், திரும்ப உறைந்தது. கேட்டபோதெல்லாம் வருகிற பிழை! மெஷின் செத்துக் கிடந்ததால், திரையில் நின்ற வரிகளை ஒவ்வொரு எழுத்தாகக் கொப்பியில் பார்த்தெழுதினேன்.

அதையும், அமைப்புகளையும், ஏற்றிய கட்டளையையும் கேர்னல் எழுதுகிறவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்றாம் நாள் எங்கோ ஒரு நாட்டிலிருந்து பதில் வந்தது. பிழை உண்மைதான், இந்தத் திருத்தத்தைப் போட்டுப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். போட்டேன். வெள்ளிக்கிழமை ஏற்றிய மொடியூல் திங்கள்வரை உறையாமல் ஓடியது. பிறகு அந்தத் திருத்தம் கேர்னலில் சேர்ந்தது. அதன் கீழே, சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

பொறுப்பாளர் அந்தப் பக்கத்தை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் குத்தினார். "ஈரம் எண்டு நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன். கண்டுபிடிச்சது நீர் எண்டு பிள்ளையளுக்கும் தெரியவேணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வந்த அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். என் பெயர் எது என்று கேட்டு விரலை வைத்துப் பார்த்தார்.

"அப்பா பேரையும் சேத்துத்தானே போட்டிருக்காங்க?"

"ஆமாம்மா, சேத்துத்தான்."

இருவரும் வீட்டுக்குத் திரும்பிய கொட்டகலை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்ணிடம், வெளிநாட்டு மெஷினை மகள் ஹட்டனில் இருந்தே சரி பண்ணிட்டா என்று அம்மா சொல்லிக்கொண்டு வந்தார். நான் திருத்தவில்லை.