விழுப்புரத்தில் ஒரு வெள்ளைக் கருந்துளை

கருந்துளையின் முதல் படம் இந்த ஏப்ரலில் வெளிவந்தது. கறுப்பு நடு, சுற்றிலும் ஆரஞ்சு வளையம். அதைப் பார்த்ததும் எனக்கு மெதுவடை ஞாபகம் வந்தது, மோகனாவுக்கு எதிர்காலம் ஞாபகம் வந்தது. எங்கள் இருவரின் மதிப்பெண்களுக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மோகனா ஓமந்தூர்ப் பெண். வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விவசாயம். திண்டிவனத்தில் பதினொன்றாம் வகுப்பில் என்னோடு படிக்கிறாள். ஆகஸ்டில் விழுப்புரத்தில் நடந்த அறிவியல் கண்காட்சியிலிருந்து ஒரே ஒருவரைச் சென்னையில் மூன்று நாள் வானியல் முகாமுக்கு அனுப்புவார்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். அங்கே பெரிய தொலைநோக்கியில் பார்க்க விடுவார்களாம். மோகனா வானத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தவள். தொலைநோக்கியைத் தொட்டதுகூட இல்லை. அந்த ஓர் இடத்துக்காகத்தான் இந்தப் பயணம். எங்கள் அப்பா சைக்கிள் கடை வைத்திருப்பதால், பழைய ரிம் ஒன்று கொண்டுவர முடியும் என்ற ஒரே தகுதியில் நானும் குழுவில் சேர்ந்தேன்.

நாங்கள் செய்த கருந்துளை மாதிரி (மாடல்) எளிமையானது. கம்பி நீக்கிய ரிம்மின் மேல் இழுத்தால் நீளும் கறுப்புத் துணி. நடுவில் லாரி பேரிங்கின் பெரிய இரும்புக் குண்டு. அது துணியைக் கீழே இழுக்கும். ஓரத்தில் சைக்கிள் பால்ஸை, அதாவது சின்ன இரும்புக் குண்டுகளை, உருட்டிவிட்டால் நட்சத்திரம் மாதிரி நடுவைச் சுற்றும். துணி இரண்டு மீட்டர், நூற்றெண்பது ரூபாய். மற்றதெல்லாம் அப்பாவின் கடையில் சும்மா கிடந்தவை. (என்னையும் சேர்த்து.)

பள்ளி வேனை உயிரியல்காரர்கள் தங்கள் நுரையீரல் மாதிரியோடு நிரப்பிவிட்டார்கள். நுரையீரலுக்கு இடம் உண்டு, பிரபஞ்சத்துக்கு இல்லை. ஆகவே காலை 7.25 பாசஞ்சர். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 38 கிலோமீட்டர், டிக்கெட் பத்து ரூபாய். ரிம்மைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினால் உட்கார இடம் தானாகக் கிடைக்கும்; பக்கத்தில் யாரும் வர மாட்டார்கள்.

எதிரே வேலைக்குப் போகும் அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மயிலம் தாண்டியதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாப்பா, மீதி சைக்கிள் எங்க?"

"உள்ள விழுந்துடுச்சிண்ணா. இது கருந்துளை."

மோகனா என் காலை மிதித்துவிட்டு, செல்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இந்த வடைய போட்டோ எடுக்கவா இம்மாம் பேஜாரு?"

"இது அஞ்சரைக் கோடி ஒளியாண்டு தள்ளி இருக்குதுண்ணா. அங்கேர்ந்து வெளிச்சம் இங்க வர அவ்ளோ வருஷம் ஆவும். இத்தப் பாக்கணும்னா பூமி அளவுக்குப் பெரிய தொலைநோக்கி வேணும்."

"அத்த எங்க வைக்கிறது?"

"வைக்க முடியாது. அதனால உலகத்துல பல இடத்துல இருக்கிற ரேடியோ தொலைநோக்கி எல்லாத்தையும் ஒரே நேரத்துல ஒரே பக்கம் திருப்பினாங்க. அணுக் கடிகாரம் வெச்சு நேரத்தக் குறிச்சாங்க. அப்புறம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஒண்ணு சேர்த்தாங்க."

"இன்டர்நெட்ல அனுப்பிட்டாங்களா?"

"இல்லண்ணா, அவ்ளோ தகவல் அதுல போவாது. ஹார்ட் டிஸ்க்ல போட்டு விமானத்துல ஏத்திக்கினு வந்தாங்க. தென்துருவத்து டிஸ்க் மட்டும் மாட்டிக்கிச்சு. அங்க குளிர்காலத்துல விமானம் இறங்காது. மாசக்கணக்கா காத்துக்கினு இருந்தாங்க."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் இந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினார். "நம்ம பார்சல் ஆபீஸ் மாதிரிதான் போல" என்றார், உண்மையான அனுதாபத்தோடு. அப்புறம் மோகனா கொண்டுவந்த வறுத்த மல்லாட்டையை மூன்று பேரும் தின்றோம். அடுத்த ஸ்டேஷன் பேரணி. அங்கே ஒரு பேரணியும் இல்லை. ஓர் ஆடு மட்டும் நடைமேடையில் தனியாக ஊர்வலம் போனது.

8.35க்கு விழுப்புரம். ஜங்ஷன் வாசலிலிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்குப் பதினைந்து. ரிம்முக்கும் ஓர் ஆள் கட்டணம் கேட்டார்கள். "இது ஓட்டைங்கண்ணா, ஓட்டைக்கு யாராவது காசு வாங்குவாங்களா?" என்று கேட்டுப் பார்த்தேன். வாங்குவார்கள்.

கண்காட்சி நடக்கும் பள்ளியின் வாசலில் நீண்ட வரிசை. திறந்துவைக்க ஒரு பெரிய பிரமுகர் வருகிறார் என்று சாலை ஓரமெல்லாம் போலீஸ். இந்த இடத்தில் நான் செய்ததைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். எங்கள் பள்ளி வேன் தூரத்தில் வருவது தெரிந்தது. உயிரியல்காரர்களை வெறுப்பேற்ற வேண்டும். நாங்கள் முந்திவிட்டோம் என்று காட்ட வேண்டும். கறுப்புத் துணியை உருவி, யாரோ சாய்த்து வைத்திருந்த மூங்கில் கழியின் நுனியில் கட்டி, நடுரோட்டைப் பார்த்து வீசு வீசென்று வீசினேன்.

தமிழ்நாட்டில், பிரமுகர் வரும் சாலையில், கழியில் கட்டிய கறுப்புத் துணி. அதற்கு என்ன பொருள் என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்த நிமிடம் தெரியவில்லை. மூன்று பக்கத்திலிருந்து மூன்று காக்கிச் சட்டைகள் வந்தபோது தெரிந்தது.

"இன்னாடா பண்ணிக்கினு இருக்கிற? யாரு சொல்லி அனுப்சது உன்ன?" என்றார் பெண் காவலர் ஒருவர். கழி அதற்குள் அவர் கையில்.

"மேடம், இது கொடி இல்ல மேடம். கருந்துளை."

"நக்கலா?"

வாழ்நாளிலேயே முதல் முறையாக நான் நக்கல் செய்யாமல் பேசியிருந்தேன். யாரும் நம்பவில்லை.

மோகனா முன்னால் வந்து அடையாள அட்டை, ரிம், குண்டு, வரைபடம் எல்லாவற்றையும் காட்டினாள். காவலர் பொறுமையாகப் பார்த்தார். நம்பவும் செய்தார். ஆனாலும் தலையாட்டினார். "நீ சொல்றது கரெக்ட்டும்மா. ஆனா ஐயா போற வரைக்கும் கறுப்பு எதுவும் உள்ள வராது. ஃபங்ஷன் முடிஞ்சு சாயங்காலம் வாங்கிக்கோ. உன்ன உள்ள விடறேன், துணிய விடமாட்டேன்."

நடுவர்கள் பன்னிரண்டரைக்கு வருவார்கள். மணி 9.50. மோகனா என்னைத் திட்டவில்லை. ரிம்மை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஓட்டை வழியே தரையைப் பார்த்தபடி மதில் ஓரம் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கடையில வேற துணி வாங்கிக்கினு வந்துர்றேன்" என்றேன்.

"அந்த நீளுற பனியன் துணி ஒரே ஒரு கடையிலதான் கிடைச்சுது, அதுவும் திண்டிவனத்துல. வேட்டி, துண்டு இதெல்லாம் நீளாதுடா. நீளலன்னா குழி வராது. குழி வரலன்னா ஒண்ணுமே இல்ல."

பேருந்து நிலையம் பக்கம் ஓடினேன். மூன்று ஜவுளிக் கடைகள். மூன்றிலும் எதையும் இழுத்துப் பார்க்க விடவில்லை. பசியும் பயமுமாக ஒரு பரோட்டாக் கடை முன்னால் நின்றேன். பதினொரு மணிக்குப் பரோட்டா கிடைக்காது. ஆனால் மதியத்துக்கு மாவு பிசைந்து, எண்ணெய் தடவி, உருண்டை உருண்டையாக ஊறப் போட்டிருப்பார்கள். கடைக்கார பாய் ஓர் உருண்டையை எடுத்துச் சும்மா பதம் பார்த்தார். கல்லில் நாலு வீச்சு. உள்ளங்கை அளவு உருண்டை, எதிரே இருப்பவர் முகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய துணியாகிவிட்டது.

"பாய்! இத்த ஒரு சைக்கிள் ரிம்முல மாட்ட முடியுமா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தினி மணிலேர்ந்து நீ சாப்டல?"

முழுக் கதையையும் சொன்னேன். கழியில் துணி கட்டிய பகுதியையும் மறைக்கவில்லை. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் தொழில்காரர் முறையில் யோசித்தார். "மெல்லிசா வீசினா அறுந்துடும். நாலு உருண்டைய ஒண்ணாப் போட்டு மொத்தமா வீசணும். அஞ்சாறு நிமிசம் தாங்கும். இங்க மாட்டிக்கினு போனா வழியிலயே தொங்கிடும், அங்க வந்துதான் போடணும்." தம்பியிடம் கடையை ஒப்படைத்துவிட்டு, எட்டு உருண்டையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டார். "நட, ஜல்தி. ஒரு மணிக்கு எனக்குக் கூட்டம் வந்துரும்."

வாசலில் அதே பெண் காவலர். "பாய், நீ எங்க இங்க?"

"சயின்ஸுக்கும்மா."

அவர் மாவை முகர்ந்து பார்த்தார். வெள்ளை. விட்டுவிட்டார்.

நடுவர் எங்கள் மேசைக்கு வந்தபோது 12.45. கல்லூரியில் இயற்பியல் நடத்துபவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்திருந்தார். பாய் அவர் கண்ணெதிரே மாவை வீசி, ரிம்மின் மேல் போர்த்தி, ஓரத்தை மடித்து அழுத்தினார். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. நுரையீரல்காரர்களும் வந்துவிட்டார்கள்.

"கருந்துளைன்னு போர்டு போட்டிருக்கு. இது வெள்ளையா இருக்கே?" என்றார் நடுவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மோகனா பேசினாள். "நிறம் முக்கியம் இல்ல சார். கருந்துளைய யாரும் நேராப் பார்க்கிறதில்ல. அதைச் சுத்துறத வெச்சுதான் கண்டுபிடிக்கிறாங்க. நீங்க கொஞ்சம் திரும்பி நில்லுங்க சார்."

அவர் திரும்பினார். அவள் பெரியதும் சின்னதுமாக இருந்த இரண்டு குண்டில் ஒன்றை நடுவில் வைத்து, பரீட்சை அட்டையை மேலே பிடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். இப்போது நடு தெரியாது; நடுவரைத் திரும்பிப் பார்க்கச் சொன்னாள். ஓரத்தில் இரண்டு பால்ஸை உருட்டிவிட்டாள். எண்ணெய் மாவில் அவை வழுக்கிக்கொண்டு சுற்றின. நடுவை நெருங்க நெருங்க வேகம் ஏறியது.

"உள்ள பெரிய குண்டா, சின்ன குண்டா, சொல்லுங்க சார்."

நடுவர் சுற்றும் பால்ஸை உற்றுப் பார்த்தார். "பெருசு."

"எப்படி சார்?"

"இவ்ளோ வேகமா சுத்துதே."

"நம்ம பால்வெளியோட நடுவுலயும் இப்படித்தான் சார். ஒரு நட்சத்திரம் பதினாறு வருஷத்துக்கு ஒரு தடவ சுத்துது. வருஷக்கணக்கா அதைப் பார்த்துதான், நடுவுல நாப்பது லட்சம் சூரியன் கனம் இருக்குதுன்னு கணக்குப் போட்டாங்க. நடுவுல ஒண்ணும் பெருசாத் தெரியல. ஆனா நட்சத்திரம் பொய் சொல்லாது." ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சேர்த்தாள். "இந்த மாவு வெறும் மாதிரிதான் சார். இங்க குண்டைக் கீழ இழுக்கிறது பூமி. நிஜத்துல விண்வெளியே வளையுது, எல்லாப் பக்கமும்."

நடுவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. கருந்துளைக்கு உள்ள என்ன இருக்கு?"

"நாங்க எழுதி, வாத்தியார் இன்னும் திருத்தாத பேப்பரெல்லாம் சார்."

கூட்டம் சிரித்தது. நடுவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தாளில் எதையோ குறித்துக்கொண்டு மோகனாவிடம் அதே கேள்வியைக் கேட்டார்.

"தெரியாது சார். அங்கேர்ந்து வெளிச்சமே திரும்பி வராது. யாருக்கும் இன்னும் தெரியாது."

அந்தச் சமயம் மாவு தாங்கவில்லை. பெரிய குண்டு மெல்ல மெல்ல இறங்கி, மாவைப் புனல் மாதிரி நீட்டி, கடைசியில் கிழித்துக்கொண்டு மேசையில் டங்கென்று விழுந்தது. பால்ஸும் பின்னாலேயே ஒவ்வொன்றாக விழுந்தன. "பெரிய நட்சத்திரத்துல எரிபொருள் தீர்ந்தா இப்படித்தான் சார், அதோட கனத்தை அதாலயே தாங்க முடியாது" என்றாள் மோகனா, ஏதோ நேரம் குறித்து வைத்தது போல. பாய் பெருமையோடு, "இன்னொண்ணு போடட்டுமா சார்?" என்றார். போட்டார். இரண்டாவதைப் பார்க்கப் பெண் காவலரும் வந்து நின்றார்.

நாலரை மணிக்கு அறிவிப்பு. மாதிரிகளுக்கான மூன்று பரிசிலும் எங்கள் பெயர் இல்லை. முதல் பரிசு சொட்டு நீர்ப் பாசனத்துக்கு. மோகனா தன் கையிலிருந்த எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் முகாமுக்கான பெயரைத் தனியாகப் படித்தார்கள். அது மாதிரியைப் பார்த்து அல்ல, கேள்விக்குச் சொன்ன பதிலைப் பார்த்து எடுத்ததாம். ஒரே பெயர். மோகனா.

அவள் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "நீ இன்னாடா, வருத்தமா?" என்றாள்.

"ரிம்முக்கு சீட்டு கிடையாதாம்" என்றேன். வருத்தம் இல்லை. ஒரு துளி இருந்தது. பேருந்து ஏறுவதற்குள் போய்விட்டது.

இனி போகிறவர்களுக்கு. திரும்பும்போது பேருந்து எடுங்கள், முப்பத்தைந்து ரூபாய், ஒரு மணி நேரம். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் மாலையில் கொஞ்சம் நிற்கும். காலையில் பாசஞ்சர்தான் நல்லது, நேரத்தை மட்டும் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பொருள் இருந்தால் பைக்குள் மடித்து வையுங்கள், யாரைப் பார்த்தும் ஆட்டாதீர்கள். மாவில் மாதிரி செய்வதானால் எண்ணெயைத் தாராளமாக விடுங்கள், துடைக்கப் பழைய துணி நாலு எடுத்துப் போங்கள். பாய் எட்டு உருண்டைக்கு அறுபது ரூபாய்தான் வாங்கினார், கூலி கேட்கவில்லை. உங்களுக்கும் அப்படியே என்று நான் உறுதி சொல்ல முடியாது.

நடுவர் ஏதாவது கேட்டால், தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இது எனக்குப் பதினாறு வயதில்தான் தெரிந்தது. பரிசுக்கு மாதிரி போதும். முகாமுக்கு நேர்மையான பதில் வேண்டும்.

மோகனா அடுத்த வாரம் சென்னை போகிறாள். போகும்வரை வைத்துக்கொள் என்று தன் வானியல் நோட்டை என்னிடம் கொடுத்திருக்கிறாள். அடுத்த ஆண்டும் ஓர் இடம் உண்டாம். நேற்று மூன்று பக்கம் படித்தேன். நாலாவது பக்கத்தில் ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. நாளை அவளிடம் கேட்க வேண்டும்.