ஆடிட்டுக்குக் காட்டிய காலிச் சாக்குகள்

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் செங்கல்பட்டில் பஸ் ஏறிக் கடற்கரை வரைக்கும் போனால், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அது நான் கட்டியது, இது நான் கட்டியது என்று கையை நீட்டிக்கொண்டே வரலாம். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பாண்டுச் சட்டியில் கலவை சுமந்து ஆரம்பித்தவன் காண்டிராக்டர் ஆகியிருக்கிறேன். சொல்லிக்கொள்ளாமல் என்ன செய்வது?

எழுபதுகளில் மகாபலிபுரத்தை நகரமாக்குவது என்று அரசாங்கம் பணம் ஒதுக்கியது. சிற்பம் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்திருந்த காலம். பஸ் நிற்க இடம், சாக்கடை, தெருவிளக்கு, கடலை ஒட்டியிருந்த மீன்பிடிக் குப்பத்துக் குடிசைக்காரர்களுக்குக் கொஞ்சம் தள்ளித் தளம் போட்ட வீடுகள். வீடுகள் என் காண்டிராக்ட். அதற்கு எத்தனை பேர் போட்டி போட்டார்கள், நான் எப்படி வாங்கினேன் என்பது தனிக்கதை.

அப்போது சிமெண்டு நினைத்த கடையில் கிடைக்காது, கண்ட்ரோல். அரசாங்கமே தன் ஸ்டோரிலிருந்து மூட்டை கொடுக்கும். கலவை போட்டது போக, காலிச் சாக்கை உதறிக் கட்டித் திருப்பித் தர வேண்டும். இப்போது வருகிற பிளாஸ்டிக் பை இல்லை, கெட்டியான சணல் சாக்கு. அது வந்து சேர்ந்ததாக ஸ்டோர்கீப்பர் கையெழுத்துப் போட்டால்தான் நம் கடைசி பில் பாஸ் ஆகும்.

ஸ்டோர்கீப்பர் செங்கல்பட்டில் வாடகை வீட்டில் இருந்தவர். தினமும் பஸ்ஸில் வருவார். பெல்ட்டில் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கும். ஆள் கண்ணில் படுவதற்கு முன்னால் சாவி காதில் விழுந்துவிடும். கொட்டகையில் குழாயும் விளக்குக் கம்பமும் அடைத்துக் கிடந்ததால், என் சாக்குகளை நான் கட்டிய வரிசையிலேயே கடைசி வீட்டில் அடுக்கிப் பூட்டினோம். ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அவர் வரவு வைத்தார். என் பில்லும் பாஸ் ஆனது.

கார்த்திகையில் புயல் அடித்தது. குடிசைகளின் கூரை பறந்துவிட்டது. வீடுகள் முடிந்திருந்தும் மந்திரி வந்து திறக்கவில்லை என்று பூட்டிக் கிடந்தன. ஸ்டோர்கீப்பர் அன்றைக்கு ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, யாரிடமும் உத்தரவு கேட்காமல், மழையில் நனைந்துகொண்டே ஒவ்வொரு பூட்டாகத் திறந்துவிட்டார். ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு உள்ளே போனார்கள். ஆனால் ஜன்னல் கதவு வேறொருவன் காண்டிராக்ட், அவன் இன்னும் கொண்டுவந்து மாட்டவில்லை. சாரல் உள்ளே அடித்தது. தரை ஐஸ் மாதிரி. நான் நடுத்தெருவில் நின்று கத்தினேன்:

"கடைசி வூட்ல கோணி அடுக்கிக் கீது. ஆளுக்குக் கொஞ்சம் எட்த்துக்கோங்க. கவர்மெண்டு கேட்டா நான் பேசிக்கறேன்!"

அதைத் தப்பென்று இன்றைக்கும் நினைக்கவில்லை. அத்தனை பேர் பார்க்க அப்படிச் சொல்ல நன்றாகவும் இருந்தது.

தை மாதம் மந்திரி வந்து வீடுகளைத் திறந்துவைத்தார். சாக்குகளை யாரும் கேட்கவில்லை. ஸ்டோர்கீப்பரும் மாதாமாதம் இருப்பு என்று எழுதிக்கொண்டே வந்தார். மாசியில் ஆடிட்டு வந்தது.

ஆடிட்டர் மெட்ராஸ்காரர். ஒல்லி. தோல் பையும் சாப்பாட்டுக் கேரியரும் அவரே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் இளநீர் வெட்டி நீட்டினேன்.

"எவ்வளவுன்னு சொல்லுங்க. குடுத்துட்டுக் குடிக்கிறேன்" என்றார்.

"என்ன சார், உங்ககிட்டப் போய் நான் காசு வாங்குவேனா?"

"அப்ப வேண்டாம்" என்று நடந்துவிட்டார். அந்த இளநீரை நானே குடித்தேன்.

திட்டத்தில் செலவான ஒவ்வொரு காசுக்கும் அவர் பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டும். விளக்குக் கம்பங்களை நடந்து நடந்து எண்ணினார். சாக்கடையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லி, அது ஓடாமல் நின்றதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சாக்கடைக் காண்டிராக்டர் வேர்த்துப் போனான். என் வீடுகளுக்கு வந்து சுவரை நாடா பிடித்து அளந்தார், பூச்சை இரும்புக் கம்பியால் குத்தினார். கம்பி வழுக்கியது. என் பூச்சு அப்படி. "பரவாயில்லை" என்றார். அவர் வாயில் பரவாயில்லை என்பது மற்றவர்கள் மாலை போட்டதற்குச் சமம் என்று பிறகு சொன்னார்கள்.

அதற்கப்புறம் ஸ்டோருக்குப் போனார்.

"காலிச் சாக்கு இருப்பில காட்டியிருக்கு. இடத்தைக் காட்டுங்க."

ஸ்டோர்கீப்பர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சார், புயல்ல ஜனங்களுக்கு நான்தான் குடுத்தேன். என்ன ஆகுதோ அதை நான் கட்டிவெச்சிருக்கிற டெபாசிட்ல புடிச்சுக்கோங்க."

"உங்க பணத்தை நான் கேக்கல. கார்த்திகையிலயே குடுத்தாச்சு. அதுக்கப்புறமும் இருக்கு, இருக்குன்னு இவர் எழுதியிருக்காரே, எதைப் பார்த்து எழுதினார்?"

அந்த மாதக் கடைசியில் ஸ்டோர்கீப்பருக்கு ஓய்வு. இல்லாத சரக்கை இருப்பு காட்டினார் என்று ஆடிட்டு எழுதிவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். அவருக்கு நிலம் கிடையாது, சொந்த வீடு கிடையாது. பென்ஷன் ஒன்றுதான்.

ஆடிட்டர் குரலை உயர்த்தவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் இருப்பேன். சாக்கு எங்க இருந்தாலும் சரி. பார்த்தா பார்த்தேன்னு எழுதுவேன். பார்க்கலைன்னா அதையும் எழுதுவேன்."

அவர் போனதும் நான் சொன்னேன்: "செங்கல்பட்டுச் சாக்கு மண்டியில பழசு வாங்கி அடுக்கிடறேன். கவலைப்படாதீங்க."

"வேணாம் மேஸ்திரி" என்றார் ஸ்டோர்கீப்பர். "ஒரு பொய் எழுதினதுக்கே இந்தக் கதி. அதுக்கு முட்டுக் குடுக்க இன்னொண்ணு வேணாம்."

காண்டிராக்டர் ஆகி வருஷங்கள் ஆன பிறகும் அவர் என்னை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார். அது வேறு விஷயம். "சரி, அந்தச் சாக்கையே கொண்டாந்துடறேன். நான் போய் நின்னாப் போதும்" என்று சொல்லிவிட்டுக் குப்பத்துக்குப் போனேன்.

அங்கே ஒரு பெண்பிள்ளை. கரையில் மீனை ஏலம் எடுத்துச் செங்கல்பட்டுச் சந்தைக்குக் கூடையில் கொண்டுபோய் விற்பவள். அவள் வாய்க்குக் குப்பமே பயப்படும். நான் கட்டிய வீட்டு வாசலில் உட்கார்ந்து கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். கருவாடு காய்ந்தது என் சாக்கின் மேல்.

"இன்னா மேஸ்திரி, வூடு இடிஞ்சி வுழுந்துச்சான்னு பாக்க வந்தியா?"

"நான் கட்டுன வூடு இடியாது. கோணி வேணும்."

"இன்னா கோணி?"

"புயலப்போ குட்த்தேனே, அது."

"குட்த்தத திருப்பிக் கேக்கறியா? கேட்டீங்களாடி, மேஸ்திரி தருமத்த வாபஸ் வாங்க வந்துகிறாரு!"

தெருவே சிரித்தது. எதிர்வீட்டில் ஒருத்தி தலையை நீட்டினாள். "தோ, என் புள்ள அதுலதான் தூளி கட்டித் தூங்கிகினு கீது. எட்த்துக்கோ. ஆனா முழிச்சிக்கினா நீதான் ஆட்டணும்."

சுற்றிப் பார்த்தேன். ஜன்னலுக்கெல்லாம் சாக்குத் திரை. குளிக்கிற மறைப்பு சாக்கு. நாலைந்தைச் சேர்த்துத் தைத்துக் கூடத்தில் விரித்திருந்தார்கள். நான் என் பக்கத்தை எடுத்துச் சொன்னேன். இந்த வீட்டை எப்படிக் கட்டினேன், கலவையில் ஒரு சட்டி மணல் கூடக் கூட்டிப் போடவில்லை, புயலில் யார் வந்து முதலில் நின்றது என்று வரிசையாகச் சொன்னேன். அவள் கருவாட்டைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"கவர்மெண்டு கேட்டா பேசிக்கறேன்னு சொன்ன இல்ல? போய்ப் பேசு."

"பேசிட்டேங்கா. ஆவல. ஸ்டோர்கீப்பரு பென்ஷன் போயிடும்போல கீது."

அவள் கை நின்றது. "யாரு? சாவி ஐயாவா?"

"அவருதான்."

"அட போய்யா! அத்த மொதல்ல சொல்றதுக்கு இன்னா? நான் கட்னேன், நான் கிழிச்சேன்னு இம்மாந்நேரம் கத வுட்டுகினு கீற!" எழுந்து தெருவைப் பார்த்துக் கத்தினாள்: "அடியே, சாவி ஐயாவுக்குப் பேஜாராம்! கோணியல்லாம் எட்த்துனு வாங்கடி!"

எதிர்வீட்டுக்காரி குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு தூளியை அவிழ்த்தாள். அது அழுதது. என்னை ஆட்டச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஸ்டோர் வாசலில் சாக்கு மலை. கருவாட்டு நாற்றம் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வந்தது. ஆடிட்டர் கைக்குட்டையை எடுத்தார், பெண்களைப் பார்த்தார், அதைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். சேர்த்துத் தைத்த விரிப்பு வந்ததும் நின்றுவிட்டார். அது ஒன்றா, நாலா?

"பிரிக்கணுமா சார்?" என்றாள் மீன்காரி. "பிரிச்சா நீயே திரும்பத் தச்சிக் குட்த்துடு."

அவர் சிரிக்கவில்லை. விரிப்பைப் புரட்டிப் பார்த்தார். "பிரிக்க வேண்டாம். வாய் கிழிஞ்சிருக்கலாம், பக்கம் கிழிஞ்சிருக்கலாம். ஒரு சாக்குக்கு ஒரு அடித்தையல்தான் இருக்கும். அதை எண்ணிக்கிறேன்."

எண்ணி முடித்தால் குறைந்தது. மீதி எங்கே என்றார்.

"கரையாண்ட கீது சார்" என்றாள் அவள். "மண்ணு ரொப்பிப் போட்டுகிறோம், தண்ணி வூட்டாண்ட வராம. அத்தயும் தூக்கியாரட்டா?"

"இருக்கிற இடத்திலயே பார்க்கிறேன்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்தார். ஸ்டோர்கீப்பர் பின்னால் சாவி குலுங்க வந்தார். மண்மூட்டை ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினார் ஆடிட்டர். நல்ல வெயில். மீன்காரி வீட்டிலிருந்து ஒரு லோட்டா மோர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் சட்டைப்பையைத் தொட்டார். "பத்து பைசா" என்று அவள் உள்ளங்கையை விரித்தாள். அவர் கொடுத்துவிட்டு, நின்றபடியே முழுவதும் குடித்தார். எனக்கு இந்த வழி தோன்றவே இல்லை.

கடைசியில் குறைந்தது கொஞ்சம்தான். அடுப்பில் போனது, கடலில் போனது. அதை என் டெபாசிட்டில் பிடித்துக்கொண்டார். எழுதுவதற்கு முன்னால் ஸ்டோர்கீப்பரைக் கேட்டார்: "சாக்கு குடியிருப்பில இருக்குன்னு ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"எழுத மனசு வரலை சார். எழுதினா, கதவை யார் திறந்ததுன்னு கேப்பாங்க."

"நானும் அதைக் கேக்கணும்தான். யார் திறந்தது?"

"நான்தான்."

ஆடிட்டர் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். சரக்கு நேரில் பார்க்கப்பட்டது, வைத்திருந்த இடம் தவறாகக் காட்டப்பட்டது, புயலன்று வீடுகள் உத்தரவில்லாமல் திறக்கப்பட்டன. எல்லாம் உண்மை. அதற்கு ஒரு எச்சரிக்கைதான் வரும், பென்ஷனைத் தொடாது என்று திட்டத்து எஞ்சினியர் சொன்ன பிறகுதான் ஸ்டோர்கீப்பர் உட்கார்ந்தார்.

விஷயம் அதோடு முடியவில்லை. சாக்குகள் பழுதான சரக்கு என்றும் ஆடிட்டர் எழுதியிருந்ததால் அவற்றை ஏலம் விட வேண்டும், அதுவும் ஸ்டோர்கீப்பர் பொறுப்பை ஒப்படைப்பதற்குள். அதுவரைக்கும் பூட்டிவைத்தார்கள். குப்பத்துப் பெண்கள் வந்து சண்டை போட்டார்கள். "எங்க கோணிய எங்களுக்கே விக்கறீங்களா?" ஸ்டோர்கீப்பர், "கவர்மெண்டு கோணிம்மா, உங்களுது இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஏலத்தன்று செங்கல்பட்டு மண்டிக்காரன் லாரியோடு வந்துவிட்டான். நான் மொத்தத்தையும் என் காசில் எடுத்துக் குப்பத்துக்குத் தருவது என்று முடிவு பண்ணி, இஸ்திரி போட்ட சட்டையில் போயிருந்தேன். வாயைத் திறக்கப் போனேன். மீன்காரி என் முழங்கையைக் கிள்ளினாள்.

"கம்முனு இரு மேஸ்திரி. நீ ஒண்ணு சொன்னா அவன் ரெண்டு சொல்லுவான். தெனம் ஏலம் கேக்கறவ நானு."

பிறகு மண்டிக்காரன் காதில் விழும்படி பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்: "பாவம், இத்த லாரில ஏத்துனா அப்பறம் அதுல அரிசி ஏத்த முடியுமாடி? ஒரு மாசம் கருவாடுதான் நாறும்." மண்டிக்காரன் ஒரு சாக்கைத் தூக்கி முகர்ந்தான். கீழே போட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். எஞ்சினியர் மூன்று முறை கூவினார். அவள் சொன்ன விலைக்கு மேல் யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு போட்ட சில்லறையை முந்தானையிலிருந்து அவிழ்த்து வைத்தாள். ஸ்டோர்கீப்பர் ரசீது போட்டார். அந்த ஸ்டோரில் அவர் போட்ட கடைசி ரசீது அது. சாவிக்கொத்தை அன்று சாயங்காலம் அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டார்.

முதல் பென்ஷன் வாங்கியதும் அவர் செங்கல்பட்டிலிருந்து வாழைப்பழத் தாரோடு வந்து இறங்கினார். பஸ் நிற்கும் இடத்தில் என்னைப் பார்த்தார். எனக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன். "கொஞ்சம் பிடிங்க மேஸ்திரி, குப்பத்துக்குப் போகணும்" என்றார். தாரை நான் சுமந்துகொண்டு போனேன். பெல்ட்டில் சாவி இல்லாததால் அவர் வந்தது யாருக்கும் தெரியவில்லை. வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

மீன்காரி உள்ளேயிருந்து ஒரு சாக்கை எடுத்துவந்து, உதறி, நான் பூசிய தரையில் விரித்தாள்.

"குந்து ஐயா. துட்டு குட்த்து வாங்குன கோணி, எவனும் கேக்க மாட்டான். மேஸ்திரி, நீயும் குந்து."