தரங்கம்பாடிக்குப் பழைய ஜீப்பில்

ஸ்டியரிங்கில் அளவுக்கு மீறி ஆட்டம் இருக்கக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. பழங்கால ஜீப்பில் ஒரு நாள் கடலோரச் சுற்றுலா என்ற விளம்பரத்தை நம்பி, மயிலாடுதுறையிலிருந்து நானும் மனைவியும் கிளம்பினோம். ஓட்டுநரே வழிகாட்டி. நரைத்த தாடி, இஸ்திரி கலையாத காக்கிச் சட்டை, பூம்புகார் வரை ஓயாத சரித்திரம்.

தரங்கம்பாடிக் கோட்டை வாசலில் வண்டியை நிறுத்தியவர், ஸ்டியரிங்கை இரு கையாலும் அசைத்து உருவி என் மடியில் வைத்தார்.

"டீ குடிச்சிட்டு வந்துடறேன், பிடிச்சுக்குங்க சார். சாவியே இல்லாத வண்டி, ஓட்டிட்டுப் போயிடுவாங்க."

அதைத் திருப்பிப் பார்த்தேன். "இதோட நட்டு எங்கேங்க?"

"தொலைஞ்சுடும்னு வீட்ல பத்திரமா வச்சிருக்கேன்."

"இப்படியேவா எங்களைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"திரும்பப் போறதும் இப்படித்தாங்க."

பஸ்ஸில் போய்விடலாம் என்றேன். "நின்னுக்கிட்டே வர என்னால ஆகாது" என்று மனைவி இறங்க மறுத்துவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் ஓட்டுநர் ஒரு கையால் கடலைக் காட்டிச் சரித்திரம் சொன்னார். நான் மறு கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாயுமுன் எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, சிரித்தபடி கும்பிட்டார். அந்த நிதானம் அவருக்கு எங்கிருந்து வந்ததென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுநாளே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் புகார் எழுதிப் போட்டேன். 'மேற்படி வாகனம் எல்லா வகையிலும் தகுதியானது' என்ற பதில், ஆபீசில் பூஜை வசூல் மும்முரமாக நடக்கும் ஆயுத பூஜைக்கு முதல் நாள் வந்தது.