கன்ஃபைன்ட்

அறுபதுகளில் நான் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். தங்கையைச் செம்பூரில் கொடுத்திருந்தோம். பிரசவத்துக்கு அவளை மாதுங்காவிலிருந்த எங்கள் வீட்டுக்கு அனுப்ப அவள் மாமியார் மறுத்துவிட்டார். எங்களுக்கு ஆத்திரமான ஆத்திரம்.

ஒரு நாள் ஆபீசுக்கு போன் வந்தது. தங்கையின் பக்கத்து வீட்டுப் பார்சிக் கிழவி பேசினாள். "யுவர் சிஸ்டர் இஸ் கன்ஃபைன்ட். கம் அட் ஒன்ஸ்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்து அந்தச் சொல்லுக்கு அடைத்துவைப்பது என்றுதான் அர்த்தம். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்ததால் வேறெதுவும் தோன்றவில்லை. உடனே ரயிலேறி, செம்பூர் ஸ்டேஷன் வாசலில் நின்ற போலீஸ் ஹவல்தாரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"என் தங்கையை எந்த ரூம்ல பூட்டி வெச்சிருக்கேள்?" என்று வாசலிலேயே கத்தினேன்.

மாமியார் வெளியே வந்தார். தலை கலைந்து, புடவையெல்லாம் ரத்தக் கறை.

"மெதுவாப் பேசும்மா, குழந்தை இப்பத்தான் தூங்கறது. திடீர்னு வலி எடுத்துடுத்து. டாக்டர் வரதுக்குள்ள என் கையிலேயே பொறந்துடுத்து" என்றார்.

பிரசவத்தைப் பழைய இங்கிலீஷில் 'கன்ஃபைன்ட்' என்றுதான் நாசூக்காகச் சொல்வார்கள் என்று, சத்தம் கேட்டு வந்த பார்சிக் கிழவி விளக்கினாள். போலீஸ் எதற்கென்று மாமியார் கேட்கவேயில்லை. ஹவல்தாரின் கையில் சர்க்கரையை வைத்து, "லட்கி" என்று பெண் குழந்தை பிறந்ததைச் சொல்லிச் சிரித்தார்.

அந்த அம்மாளைப் பற்றி அவ்வளவு பெரிய கொடுமையை எவ்வளவு சுலபமாக நம்பினேன் என்று நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.