இடது பின்கதவு

பழைய ஓஸ்ரின் கார் வாங்குகிறவர்கள், அதில் எது தொழிற்சாலையில் பொருத்தியது, எது பின்னாளில் மாற்றியது என்று கேட்கக் கண்டாவளைச் சிவராசாவிடம் வருவார்கள். கண்ணாடி ஓரத்து முத்திரை, அடிச்சட்டத்து இலக்கம், உள்பக்கத்தில் மிஞ்சியிருக்கும் முதல் பெயின்ற் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார். விற்பவர்களுக்கு அவரைப் பிடிக்காது.

போன ஆவணியில் நிரஞ்சன் என்ற ஆசிரியர் 1949ஆம் ஆண்டு ஓஸ்ரின் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"எல்லாம் ஒறிஜினல்தான் மாஸ்ரர். இடது பின்கதவு மட்டும் வேறை காருடையது" என்றபடி சிவராசா கதவின் உள்தட்டைக் கழற்றினார்.

கீழ்மூலையில் பால்மா ரின் தகரத்தால் ஒரு ஒட்டு. அதன்மேல் வள்ளத்துக்கு அடிக்கும் நீலப் பெயின்ற். அது அவருடைய கைவேலை. தங்கை சுகந்தினியின் கணவன் பிரசாந்தனின் வாடகை ஓஸ்ரினுக்கு, துருவேறிக் கறள் தின்ற மூலையை அவர்தான் அடைத்துக் கொடுத்திருந்தார்.

2009 மாசியில், யுத்தத்தின் கடைசி மாதங்களில், அந்தக் காரில் புதுக்குடியிருப்புப் பக்கம் போன சுகந்தினியும் பிரசாந்தனும் திரும்பவில்லை. காருக்கு மேல் செல் விழுந்ததாக ஒருவர் சொன்னார். ஆறு வருடம் தேடியபின் சிவராசா அதை நம்பினார். மாசிதோறும் திவசம் கொடுத்துவந்தார்.

"என்ன அண்ணை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"இது என்ரை தங்கச்சி போன காரின்ரை கதவு."

நிரஞ்சன் கதவைக் கழற்றி அவரிடமே கொடுத்தார்.

மறுநாள், கதவு வாங்கிய இடமென்று காரை விற்றவர் சொன்ன பூவரசங்குளத்துப் பழைய இரும்புக் கடைக்கு இருவரும் போனார்கள். "லொறியில வந்த குவியலுக்க இது ஒண்டுதான் நல்லாக் கிடந்தது" என்றார் கடைக்காரர். "எந்த இடத்து இரும்பெண்டு அப்ப ஆர் கேட்டது?"

வீட்டில், மனைவி சிவரூபி கதவை நெடுநேரம் தடவிப் பார்த்தாள்.

"ஒரு ஓட்டையும் இல்லையே."

"இல்லை."

"மற்றப் பக்கத்தால செல் பட்டிருக்கலாம்."

"பட்டிருந்தால் கதவைப் பிடிக்கிற பிணைச்சல் நெளிஞ்சிருக்கும். இது ஆரோ ஸ்பானர் போட்டு அவசரப்படாமல் ஆறுதலாக் கழட்டினது."

"அப்ப அவை ரெண்டு பேரும் எங்கை போனவை?"

இரும்பைப் பார்த்து அதைச் சொல்ல அவரால் முடியவில்லை. அதன்பிறகு, வாசல் ஒழுங்கையில் எந்த வாகனம் நின்றாலும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்துபோய்ப் பார்த்தார். செத்தவர்களுக்கென்று பத்து வருடமாகச் சோறு படைத்திருந்தார். உயிரோடிருந்தவர்களுக்கா படைத்தேன்?

இந்த மாசியில் ஐயர் திவசத்தைப் பற்றித் தொலைபேசியில் கேட்டபோது, "இந்தமுறை வேண்டாம் ஐயா" என்றார். அலுமாரியிலிருந்து சுகந்தினியின் கலியாணப் படத்தை எடுத்துக்கொண்டு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் பதில் கேட்டுப் போராட்டத்தில் இருக்கும் கொட்டகைக்கு பஸ் ஏறினார்.

பாயில் இருந்த அம்மா ஒருவர் நகர்ந்து இடம்விட்டார்.

"ஆரைத் தேடுறியள் தம்பி?"

"தங்கச்சியையும் மச்சானையும்."

"தங்கச்சிக்கு என்ன வயசு?"

"முப்பத்தெட்டு" என்றார். பிறகு விரல்களை மடக்கிக் கூட்டிப் பார்த்தார்.

"இல்லையம்மா. இப்ப ஐம்பத்தினாலு."